ஒலிபெருக்கிக்குள் கேட்ட தட்டல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மகனைப் பேருந்தில் ஏற்றிவிட்டு மாட்டுத்தாவணியிலிருந்து தானியில் திரும்பிக்கொண்டிருந்தேன். ‘ஷேர் ஆட்டோ’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இன்னும் விரைவாக விளங்கியிருக்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்த கை அதற்கு இணங்க மறுக்கிறது, பொறுத்தருளுங்கள். ஐவர் அமரும் இடத்தில் ஒன்பதின்மர் இருந்தோம். என் காலடியில் மல்லிகை மூட்டை ஒன்று. அதன்மேல் நனைத்துச் சுருட்டிய வாழைநார்க் கற்றை. வண்டி வலப்புறம் திரும்பி நெடுந்தொலைவு வந்த பின்னும், திருப்பத்தை அறிவிக்கும் விளக்கு அணையவில்லை. டிக், டிக், டிக், டிக்.

“தம்பி, அந்த ஓசையைச் சற்று நிறுத்தலாமா?” என்றேன்.

“எந்த ஓசை சார்?”

“அந்தத் தட்டல்.”

“ஓ, இண்டிகேட்டரா! அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்கும் சார். எனக்குக் காதுலயே விழுகாது.”

“ஆமா, இவருக்குப் பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சாலே விழுகாது. இதா விழுகப்போகுது?” என்றார் மல்லிகை மூட்டைக்கு உரிய பெண்மணி. வண்டியே சிரித்தது. ஓட்டுநரும் சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தார்.

அணைத்த பின்னும் எனக்குக் கேட்டது. நனைந்த வாழைநாரின் மணமும் அத்தகைய தட்டலும் ஒருசேர வந்தால் நான் போய் நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே போக விருப்பமின்றித்தான் மூன்று வாரங்களாக வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு பெட்டியைப் போர்வையால் மூடி வைத்திருந்தேன்.

பெட்டியைக் கொண்டுவந்தவன் முத்து. என் மைத்துனர் பாண்டியராசனின் மகன். பாண்டியராசன் என் மனைவி செண்பகத்தின் தமையன். சமயநல்லூரில் அவருடைய பதினாறாம் நாள் கடன்கள் முடிந்த மறுநாள், சிறு சரக்குந்து ஒன்றில் ஏற்றிவந்து இறக்கினான்.

“அப்பா ஒங்ககிட்டத்தான் குடுக்கச் சொல்லியிருந்தாரு மாமா.”

“வேலை செய்கிறதா இன்னும்?”

“செய்யிது மாமா. மாசத்துக்கு ஒருக்காப் போட்டுருவாரு. போடாமக் கெடந்தா உள்ள கண்டென்சர் செத்துப்போகும்பாரு. ரெண்டு தடவ கண்டென்சர்கூட மாத்துனாரு.”

“வாசிப்பாரா?”

“வாசிச்சு நான் பாத்ததே இல்ல. போடுவாரு, செவப்பு லைட்டு எரியும், மிதிய அமுக்கிட்டு முன்னாடி ஒக்காந்து காதக் குடுத்துக் கேப்பாரு. அஞ்சு நிமிசம். அப்பறம் அணைச்சிருவாரு. அம்மாகூடக் கேலி பண்ணும், ‘பெட்டிகிட்ட அம்புட்டு என்ன ரகசியம்’னு.”

அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும் என்றே அப்போது எண்ணினேன். அதனால் போர்வையைத் தேடி எடுத்தேன்.

அவர் மறைந்த அன்றும் நான் போயிருந்தேன். செண்பகம் அழுதாள், எல்லாரும் அழுதார்கள். பல் பிடுங்க மருத்துவர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அது வேறு யாருடைய கன்னமோ போலிருக்கும். அப்படித்தான் இருந்தேன். பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளை எண்ணினேன். ஐம்பத்திரண்டு. அவற்றுள் மூன்றுக்குக் கைப்பிடி இல்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிட்டார் வாசிப்போர் பயன்படுத்தும் ஒலிபெருக்கி அது. கண்ணாடிக் குமிழ்களுக்குள் செந்நிறமாகக் கனன்று எரியும் பழைய வகை. அந்தக் குமிழ்களை உலகம் ‘வால்வு’ என்று சொல்லிற்று; நான் ‘வெற்றிடக் குழல்’ என்றேன். நகரமண்டபச் சாலைச் சந்தில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சிக்கந்தர் பாயிடம் போய், “வெற்றிடக் குழல் ஒன்று பழுதாகிவிட்டது” என்று நான் சொன்னபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “கவிதையெல்லாம் அப்பறம் பாப்போம் சார். எந்த வால்வுன்னு சொல்லுங்க” என்றார். அந்தப் பெட்டியை உருவாக்கியவரே அவர்தான். சிதைந்துபோன அயல்நாட்டுப் பெட்டி ஒன்றின் உள்ளுறுப்புகளை எடுத்து, மாம்பலகையில் புதுக் கூடு செய்து, பாண்டியராசனுக்காகத் தம் கையாலேயே கம்பிகளை இணைத்துக் கொடுத்தார்.

அதன் சிறப்பு நடுக்கம். முகப்பிலுள்ள ஒரு திருகைத் திருப்பி, தரையில் கிடக்கும் மிதியை ஒருமுறை அழுத்தினால் வாசிக்கும் ஒலி தானே கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து, நீர்மேல் விழுந்த நிலவொளி போல நடுங்கும். பெட்டிக்குள் ஒரு வால்வு தன்போக்கில் துடித்துக்கொண்டிருக்கும். தீக்குச்சித் தலையளவு விளக்கு ஒன்று அந்தத் துடிப்புக்கேற்ப மின்னி மின்னி அணையும். அவ்வொளி ஒரு சில்லின்மேல் பட்டு ஓசையை ஏற்றி இறக்கும். இத்தனையும் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதுரையில் அன்று இயங்கிய மெல்லிசைக் குழுக்களில் அத்தகைய நடுக்கம் வேறெவரிடமும் இல்லை. அதற்காகவே தாமோதரன் என்பவர் தம் குழுவில் பாண்டியராசனைச் சேர்த்துக்கொண்டார்.

நானும் அக்குழுவில் இருந்தேன் என்றால் நம்புவீர்களா? பாடுவதற்கு அல்ல, பாடலுக்குப் பாடல் நடுவே நின்று பேசுவதற்கு. கல்லூரியில் விரிவுரையாளனாகச் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. “அடுத்து உங்கள் செவிகளை நனைக்க வருவது...” என்று நான் தொடங்கினால், “ஐயா, குடை கொண்டாரலய்யா!” என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். மணமேடைகளில் அதையும் தாங்கிக்கொண்டு நின்றேன். இளமையில் தோல் தடிமனாக இருந்தது.

நிகழ்ச்சிகள் நகரத்தைச் சுற்றியே நடந்தமையால், பெட்டி சிம்மக்கல்லில் நான் குடியிருந்த மாடிவீட்டிலேயே இருந்தது. இருவர் சேர்ந்து தூக்கினாலும் தோள் இறங்கும் எடை. ஒரு விடுமுறை நாளில் அதன் திருகுகளுக்குத் தமிழில் பெயர் எழுதி ஒட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. ‘ஓசை’, ‘விரைவு’, ‘ஆழம்’ என்று அழகாக எழுதி ஒட்டினேன். ஒட்டும்போது ஒரு திருகு ஆடியது. உட்புறம் மரையை இறுக்கலாமென்று பின்பலகையைக் கழற்றினேன். மின்னிணைப்பை எடுத்துவிட்டாலும் உள்ளே மின்சாரம் ஒளிந்திருக்கும் என்று பாய் எச்சரித்திருந்ததால், இணைப்பை நீக்கி இரண்டு நாள் காத்திருந்து, இரப்பர்ச் செருப்பு அணிந்து, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. செண்பகம் சிரித்துவிட்டாள்.

உள்ளே பார்த்த எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கம்பிகள் ஒன்றையொன்று தவிர்த்து, வளைந்து, நெளிந்து, மூலைக்கு மூலை இழுபட்டுக் கிடந்தன. மாணவர் கட்டுரையில் ஒற்று மிகுந்தாலே உறக்கம் வராதவன் நான். பக்கத்தில் செண்பகம் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து நனைந்த வாழைநார் நான்கைந்து இழை வாங்கினேன். கம்பிகளை எல்லாம் நேர்ப்படுத்தி, ஒரே கற்றையாகச் சேர்த்து, அவள் பூவுக்குப் போடும் முடிச்சாலேயே ஏழு இடங்களில் கட்டினேன். பூவுக்கு ஒற்றை முடிச்சே போதும். எனக்கோ அதன்மேல் நம்பிக்கையில்லை, ஒவ்வொன்றையும் இரட்டித்தேன். நார் காய்ந்ததும் கற்றை இறுகிக் கோல் போலாயிற்று. மறுநாள் பார்த்த பாண்டியராசன், “அடடா, என்ன அழகாக் கட்டியிருக்கீக மாப்ள! பாய் பாத்தா வெக்கப்படுவாரு” என்றார். மனம் குளிர்ந்தது.

பாய் பார்க்கவில்லை. அவர் அப்போது மஞ்சட்காமாலையில் கிடந்து எழுந்திருந்தார். கடை நாற்காலியை விட்டு அசைய முடியாது. மாடிப்படி ஏறுவது நடவாத செயல். வண்டி நுழையாத அவர் கடைச் சந்துக்குள் அத்தனை எடையைத் தூக்கிச் செல்லவும் வழியில்லை.

அடுத்த வாரம் பரவையில் ஒரு திருமண வரவேற்பு. மணமக்கள் மாலை மாற்றும் பொழுதில் பாடகர் மெல்லிய பாடலொன்றைத் தொடங்கி, முதலடி முடிந்து மூச்சு வாங்க நிறுத்தினார். பாண்டியராசன் மிதியை அழுத்தியபடி விரல் எடுத்திருந்தார். பெட்டிக்கு முன்னால் ஒலிவாங்கி. தெற்கே தென்னையில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி, வடக்கே கம்பத்தில் ஒன்று. அந்த நிசப்தத்தில் ஊருக்கே கேட்டது: டிக், டிக், டிக், டிக், டிக்.

“பல்லி சொல்லுதுடி!” என்றார் முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர். “எந்தத் தெசைன்னு பாரு!”

“தெக்கயும் சொல்லுது, வடக்கயும் சொல்லுது பெரியாத்தா!”

“ரெண்டு பக்கமுமா? ரெண்டும் ஒண்ணாச் சொன்னா நல்லதா, கெட்டதா?”

அதற்கு விடை தெரிந்தவர் பந்தலில் எவரும் இல்லை. அதனால் கேள்வி பரவிற்று. மணமகள் மாலையைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டாள். அவளுடைய தாய்மாமன் மேடையேறி வந்து, “யோவ், மொதல்ல அந்தப் பல்லிய எறக்குய்யா! அப்பறம் பாட்டப் பாடு!” என்றார். நான் ஒலிவாங்கியைப் பற்றி, “அன்பு கெழுமிய பெரியோரே, இது பல்லியன்று, மின்னியல் இடையூறு” என்று விளக்கினேன். அது நிலைமையை மேலும் கெடுத்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தாமோதரன் பாண்டியராசனைத் தனியே அழைத்தார். நானும் அருகில் இருந்தேன்.

“கல்யாண வீட்ல சகுனத்தோட வெளையாடலாமா பாண்டி? இனி ஒருத்தன் நம்மளக் கூப்புடுவானா? இன்னும் மூணு கச்சேரி பாப்பேன். மூணாவதுலயும் பல்லியக் கூட்டிட்டு வந்தேன்னு வையி, திண்டுக்கல் பய ஒருத்தன் புது செட்டோட ரெடியா இருக்கான். அப்பறம் என்னயக் கொற சொல்லக் கூடாது.”

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பாண்டியராசன் பகலில் நூற்பாலை ஒன்றில் தற்காலிகப் பணியாளர். மாலைமுறை வேலைக்கு ஒப்புபவர்களை நிரந்தரமாக்குவதாக ஆலையில் அறிவித்திருந்தார்கள். மாத இறுதிக்குள் விடை சொல்லவேண்டும். மாலைமுறைக்குப் போனால் மேடை இல்லை. மேடை நிலைத்தால் ஆலை வேண்டாம் என்பதே அவர் முடிவு. “பஞ்சுக்குள்ள நாப்பது வருசம் தும்மிக்கிட்டுக் கெடக்க என்னால ஆகாது மாப்ள” என்பார். ஆகவே அந்தத் தட்டல் நிற்பதும் நிற்காததும் வெறும் பழுது பற்றிய செய்தியாக இருக்கவில்லை.

அவர் தேடத் தொடங்கினார். ‘விரைவு’த் திருகைக் கூட்டினால் தட்டல் விரைந்தது, குறைத்தால் தளர்ந்தது. மிதியை விட்டால் நின்றது. ஆக, நடுக்கத்தின் துடிப்பே எங்கோ வழிதவறிப் பாட்டுக்குள் நுழைகிறது என்பது தெளிவு. எங்கே? துடிக்கும் வால்வை மாற்றினார்; தட்டிற்று. கண்டென்சர் என்னும் மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, பாய் கொடுத்தனுப்பிய புதியவற்றை ஈயம் பற்றவைத்துப் பொருத்தினார், தட்டிற்று. நிலத்தொடர்பு சரியில்லையோ என்று, வீட்டுக்காரரிடம் கெஞ்சி, கீழ் முற்றத்தில் குழிதோண்டிக் கரியும் உப்பும் போட்டு இரும்புக் கம்பியைப் புதைத்தார். செண்பகம் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். “என்ன செடி வச்சிருக்கீக? மொளைக்கவே இல்லையே?” என்று கீழ்வீட்டார் கேட்டனர். அதன் பின்னும் தட்டிற்று.

ஈயம் உருகும் புகைக்கு ஒரு மணம் உண்டு, குங்கிலியம் போல. அந்த நாட்களில் எங்கள் கூடம் முழுதும் அந்த மணம்தான். அவர் முழந்தாளிட்டு, பின்பலகை திறந்த பெட்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கட்டிய கற்றையை மென்மையாக ஒதுக்கிவிட்டு அதன் பின்புறம் தேடுவார். அது அவிழ்ந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம்.

முதல் நிகழ்ச்சி போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள், அவர் ஆலையில் இருந்தமையால், கழற்றிய வால்வுகளை எடுத்துக்கொண்டு கல்லூரி செல்லும் வழியில் நான் பாயின் கடைக்குப் போனேன். அவர் ஒவ்வொன்றையும் அளவியில் பொருத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“எல்லாம் சுத்தமா இருக்கு சார். ஒண்ணு கேக்குறேன். உள்ள ஒயரயெல்லாம் நான் கோணல்மாணலா விட்டிருப்பேன், கோழி கிண்டுன மாதிரி. அது தெரியாம விட்டது இல்ல. துடிக்கிற ஒயரும் பாடுற ஒயரும் ஒட்டிப் படுக்கக் கூடாது. படுத்தா, துடிப்பு பாட்டுக்குள்ள வந்துரும். அத யாரும் தொடலயே?”

கடையில் வேறு நால்வர் நின்றிருந்தனர். ஒருவர் எங்கள் கல்லூரியின் கணக்கு விரிவுரையாளர்.

“இல்லை பாய். நீங்கள் வைத்தபடியே இருக்கிறது” என்றேன்.

“அப்பச் சரி. அல்லா விட்ட வழி.”

பொய் சொல்லவேண்டுமென்று திட்டமிட்டுச் சொன்னதன்று. வீட்டுக்குப் போய் ஏழு முடிச்சுகளையும் நறுக்கிவிட்டால் எவருக்கும் தெரியாமல் செம்மையாகிவிடும், பிறகு யாரிடம் என்ன சொன்னேன் என்பது எதற்கு என்றுதான் எண்ணினேன். கல்லூரிக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, பூத்தொடுக்கும் கூடையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

கூடத்தில் என் மாமியார் அமர்ந்திருந்தார். சமயநல்லூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்திருந்தார். பெட்டிக்கு எதிரிலேயே கால்நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, ஒங்ககிட்டத்தான் சொல்லமுடியும். ஊரே இந்தப் பல்லி நிக்கணும்னு பாக்குது. நான் ஒருத்தி நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுக் கெடக்கேன். மில்லுல நெரந்தரமாயிட்டா அவனுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிவச்சிருவேன். பாட்டுக்காரனுக்கு எவன் குடுப்பான்? நீங்க படிச்சவுக. எதாவது சொல்லி அவன இதுல இழுத்து விட்ராதீக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நான் என்ன சொல்லப்போகிறேன் அத்தை?” என்றேன்.

“கத்தரிக்கோல் எதுக்குங்க?” என்று செண்பகம் கேட்டாள்.

“செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வெட்டி வைக்கவேண்டும்.”

சொன்னதற்காகச் செய்தித்தாளை விரித்து ஒரு கட்டுரையை வெட்டவும் செய்தேன். வேளாண்மைக் கட்டுரை. நெடுநாள் அது என் கோப்பில் இருந்தது.

மூன்றாவது நிகழ்ச்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தட்டிற்று. தாமோதரன் கத்தவில்லை; பாண்டியராசனின் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். மறுநாள் பெட்டியைச் சமயநல்லூருக்குக் கொண்டுபோகப் படியில் இறக்கினோம். முன்பக்கம் அவர், பின்பக்கம் நான்.

“இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே மச்சான்” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“விடுங்க மாப்ள. அதுக்குப் பாட விருப்பமில்ல.”

மாத இறுதியில் ஆலையில் கையெழுத்திட்டார். ஓராண்டுக்குப் பின் நூல் சுற்றும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு பருமனுள்ள நூல் இன்னொன்றோடு கலந்துவிடாதிருக்க அங்கே நூலுக்கு வெளிர்நீலச் சாயம் பூசுவார்கள். கழிவான அந்த நீலநூலை உருண்டை உருண்டையாக எனக்குக் கொண்டுவந்து தருவார். என் கையெழுத்துப் படிகளையெல்லாம் அதனால்தான் கட்டினேன். இன்றும் அலமாரியைத் திறந்தால் நீல முடிச்சுகள்தான். அவர் மணம் முடித்தார், முத்து பிறந்தான், மாமியார் நிறைவோடு கண்மூடினார். எல்லாம் நன்றாகவே நடந்தன என்று சொல்ல எனக்குச் சான்றுகள் உண்டு. பல இரவுகள் அவற்றை அடுக்கியும் பார்த்திருக்கிறேன்.

பாண்டியராசன் எங்கள் வீட்டுக்கு வராத பொங்கல் இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் மகள் திருமணத்தின்போது, வாசலில் கட்டவேண்டிய தோரணத்தை நான் எடுத்து முடிச்சிடப் போனேன். அவர் வந்து என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். “நீங்க கட்டாதீக மாப்ள. நான் பாத்துக்கிறேன்.” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏட்டுச் சுரைக்காய்க்காரன் என்று கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தானியிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் போய்ப் போர்வையை எடுத்தேன். முகப்பில் என் கையெழுத்து இன்னும் ஒட்டியிருந்தது. ‘ஓசை’யும் ‘விரைவு’ம் பழுப்பேறியிருந்தன, ‘ஆழம்’ மட்டும் பாதி உரிந்திருந்தது. முழந்தாளிட முடியாததால் முக்காலி போட்டு அமர்ந்து, பின்பலகையின் ஆறு திருகாணிகளையும் கழற்றினேன். கழற்றும்போது முடிச்சுகளைத்தான் எதிர்பார்த்தேன். இப்போதாவது நறுக்கிவிடலாம் என்று பழைய கத்தரிக்கோல் ஒன்றை மடியில் வைத்திருந்தேன்.

கற்றை இல்லை. கம்பிகள் பிரிந்திருந்தன. துடிக்கும் கம்பிகள் இடப்புறச் சட்டத்தோடும், பாடும் கம்பிகள் வலப்புறச் சட்டத்தோடும், ஒன்றையொன்று பாராத இரு தெருக்கள் போல விலக்கிக் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருந்த நூல் நைந்து வெளுத்திருந்தது. முடிச்சின் மடிப்பை நகத்தால் விலக்கியபோது உள்ளே வெளிர்நீலம்.

பெட்டியின் அடியில், தூசிக்குள், பழுத்துச் சுருண்ட வாழைநார்த் துண்டுகள் கிடந்தன. எடுத்துத் தாளில் வைத்தேன். ஏழு. ஒவ்வொன்றும் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரே வெட்டில் நறுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் முடிச்சு இரட்டை.

பாய் எப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாம், “ஒங்க மாப்ளகிட்டக் கேட்டேனே, தொடலன்னாரே” என்று. அல்லது பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பிய ஒரு நாளில் அவரே கண்டிருக்கலாம். நீலநூல் அவர் கைக்கு வந்தது சுற்றுப் பிரிவுக்குப் போன பிறகு. அதற்குள் திண்டுக்கல் இளைஞர் மேடையில் நிலைத்துவிட்டார். எந்த ஆண்டு, எந்தப் பொங்கலுக்கு முன், எந்தப் பொங்கலுக்குப் பின் என்று கணக்கிட முயன்றேன். எனக்கு நூலுருண்டை தந்த கையா, அந்த உருண்டையிலிருந்தே அறுத்து இதைக் கட்டிய கையா, எது முந்தியது என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லை. ஆலை மூடி வீட்டுமனைகளாகிவிட்டது. பாயின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. தாமோதரன் குழுவின் பெயரைச் சொன்னால் நினைவுகூர என்னையன்றி எவரும் இல்லை.

அழுகை வருமா என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை. இணைப்பைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வுகள் மெல்ல மெல்லக் கனன்றன. சூடேறிய தூசியின் மணம் எழுந்தது. ‘ஓசை’யை முழுதும் ஏற்றினேன். ‘ஆழ’த்தையும் ஏற்றினேன். பிறகு காலால் மிதியைத் தேடி அழுத்தினேன். உள்ளே அந்தச் சிறு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. மெல்லிய இரைச்சல் ஒன்று, தொலைவில் மழை பெய்வது போல. அவ்வளவே.

சமையலறையிலிருந்து செண்பகம் குரல் கொடுத்தாள். “என்னங்க, தட்டுதா?”

“இல்லை” என்றேன்.

ஐந்து நிமிடம் அதன் முன் அமர்ந்து கேட்டேன். பிறகு அணைத்துவிட்டேன்.